வாசலில் வேப்பிலை

தமிழர் வீடுகளில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் எவருக்கேனும் அம்மை கண்டுவிட்டால், அன்றே வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலை செருகப்படும். அதற்குமேல் ஓர் அறிவிப்பு தேவைப்படவில்லை. தெருவில் செல்வோர் அதனைக் கண்டதும் சற்று ஒதுங்கி நடப்பர். பால்காரர் வெளியே வைக்கப்பட்ட செம்பில் பாலை ஊற்றிவிட்டுப் போவார். உறவினர் படியேறமாட்டார். வாசலில் நின்றவாறே, "ஆத்தா வந்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டுத் திரும்பிவிடுவர். அவ்வீட்டில் தாளிக்கும் ஓசை கேளாது. மூன்றாம் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை எடுத்த பின்னரே அவ்வீடு மீண்டும் ஊரோடு சேரும். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்துகளிலும் இவ்வழக்கம் இருந்ததை முதியோர் அறிவர்.

தொற்றுநோய் கண்டவர் தம் நிலையைப் பிறருக்கு அறிவிக்கவேண்டும் என்று இன்றைய சட்டங்கள் அபராதத்தையும் சிறையையும் காட்டி வற்புறுத்துகின்றன. அதே செயலை அக்காலத் தாய்மார்கள் எவருடைய வற்புறுத்தலும் இன்றிச் செய்தனர். காரணம் எளிது. அம்மை இழிவாகக் கருதப்படவில்லை. தெய்வம் வீட்டுக்கு வந்திருப்பதாகவே கருதப்பட்டது. எங்கே போனாய், யாரோடு பழகினாய், எப்படி வந்தது என்று எவரும் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. சொல்லுகிறவர்க்கு இழப்பு ஏதும் இல்லை; ஆகவே சொல்லுதல் இயல்பாயிற்று.

இவ்வாறு கூறுவதனால் அக்காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாடவேண்டியதில்லை. பெரியம்மை எண்ணற்றோரைக் கொன்றது. எஞ்சியோர் பலரின் கண்ணைப் பறித்தது. அதனை ஒழித்தது வேப்பிலையன்று, அம்மைக்குத்து. இந்தியாவில் 1975ஆம் ஆண்டோடு அந்நோய் அற்றது. 1980ஆம் ஆண்டில், உலகத்திலிருந்தே ஒழிந்ததென உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. வேப்பிலை நோயைத் தீர்க்கவில்லை என்பது உண்மை. ஆயினும் நோயைச் சொல்லும் வேலையை அது செம்மையாகச் செய்தது.

வாசலில் வேப்பிலை செருகிய அதே தாய்மார்கள் கப்பலேறியபோது என்ன செய்தனர் என்பதையும் பார்க்கவேண்டும்.

தேக்காச் சந்தையின் காப்பிக் கடையில் காலை வேளைகளில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவர் இதனைச் சொல்லுவார். எண்பதைக் கடந்தவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1951ஆம் ஆண்டில், ஒன்பது வயதுச் சிறுவனாக, தாயுடன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறினார். தந்தை சிங்கப்பூரில் இருந்தார். மேல்தளப் பயணிகளுக்கு அறை ஏது? பாய் விரித்த இடமே வீடு. பக்கத்துப் பாயில் இளந்தாய் ஒருத்தி கைக்குழந்தையுடன் இருந்தாள். பினாங்கைக் கடந்த இரவில் சிறுவனுக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் முதுகிலும் மார்பிலும் கொப்புளங்கள் தோன்றின.

கப்பல் பயணிகளுக்கு அன்று ஒரு தீவின் பெயர் நன்கு தெரிந்திருந்தது. சிங்கப்பூருக்குத் தெற்கே உள்ள செயிண்ட் ஜான்ஸ் தீவில் 1874ஆம் ஆண்டிலேயே தனிமைப்படுத்தும் நிலையம் நிறுவப்பட்டுவிட்டது. சீனத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த பல்லாயிரவர் அங்கு இறக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, நாள் கணக்கில் காக்க வைக்கப்பட்டனர். கப்பலில் ஒருவருக்கு அம்மை கண்டாலும் போதும், அத்தனை பேரையும் தீவில் இறக்கிவிடுவார்கள் என்பது மேல்தளத்துப் பேச்சு. ஊரில் இருந்திருந்தால் அந்தத் தாய் அன்றே வேப்பிலை தேடியிருப்பாள். கப்பலில் அவள் செய்தது வேறு. மகனுக்குக் கழுத்துவரை பொத்தானிட்ட சட்டையை மாட்டினாள். "சொறியாதே, யாரிடமும் சொல்லாதே" என்றாள். சோதனைக்கு வந்த அதிகாரி முகத்தைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கையில் அம்மைக்குத்துத் தழும்பைப் பார்த்தார். முதுகைப் பார்க்கவில்லை. தாயும் மகனும் கரை சேர்ந்தனர்.

நோய் ஒன்று, தாயும் ஒருத்தியே. வீட்டு வாசலில் அறிவித்தவள் கப்பலில் மறைத்தாள். அவள் நெஞ்சில் இடையில் புகுந்தது அச்சம் ஒன்றே.

அக்காலச் சட்டம் உடலை நம்பியது, நாவை நம்பவில்லை. அதிகாரி தாமே பார்த்து அறிந்துகொள்வார். பயணி வாய் திறக்கவேண்டியதில்லை. 1976ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் தனிமைப்படுத்தலையும் நோய்த் தடுப்பையும் பற்றி விரிவான விதிகளைக் கொணர்ந்தது. குறிப்பிட்ட நோய்களைக் கண்டால் அரசாங்கத்துக்குத் தெரிவிக்கும் கடமை மருத்துவரைச் சார்ந்தது. இங்கும் பேசவேண்டியவர் மருத்துவரே.

1985ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் முதன்முதலாக எச்ஐவி தொற்று கண்டறியப்பட்டது. இது கண்ணுக்குத் தெரியாத நோய். கொப்புளம் இல்லை, தழும்பு இல்லை. பல்லாண்டுகள் உடலில் உறைந்திருந்தும் ஆளைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. அதிகாரி பார்த்து அறிய வழியில்லை என்றானபோது, சட்டம் நோயாளியின் நாவை நோக்கித் திரும்பியது. 1992ஆம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. தமக்கு எச்ஐவி இருப்பதை அறிந்த ஒருவர், உடலுறவுக்கு முன்னர், தொற்று நேரக்கூடும் என்பதைத் துணைவருக்குச் சொல்லவேண்டும், துணைவர் அதனைத் தாமாகவே ஏற்றிருக்கவேண்டும், இல்லையேல் குற்றம். இதுவே புகழ்பெற்ற 23ஆம் பிரிவு. இரண்டு பேருக்கு இடையே, பூட்டிய கதவுக்குள், விளக்கணைந்த பின் பேசப்படும் சொல்லுக்குச் சட்டம் காவல் நின்றது.

இதனை வன்மையான சட்டம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடலாகாது. கணவனுக்கு நோய் இருந்ததை அவன் மருத்துவமனையில் படுத்த பின்னரே அறியும் மனைவியின் நிலையை எண்ணிப் பார்த்தால் சட்டத்தின் பக்க நியாயம் விளங்கும். திருமணத்துக்கு முன் பத்துப் பொருத்தமும் பார்க்கும் குடும்பங்கள் இப்பொருத்தத்தை மட்டும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் மாப்பிள்ளை வீட்டார் மனம் புண்படுமாம்! பெண்ணின் உயிரைவிட மாப்பிள்ளை வீட்டாரின் முகவாட்டம் பெரிதாகத் தோன்றும் சமூகத்தில், பெண்ணுக்காகப் பேச ஒரு சட்டமேனும் இருப்பது தகும்.

சென்னையில் எழுந்த வழக்கொன்று இந்நியாயத்தையும், அது எல்லை மீறிய விதத்தையும் ஒருங்கே காட்டும். 1995ஆம் ஆண்டில், நாகாலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர், உறவினரின் அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் இரத்தம் கொடுத்தார். அந்த இரத்தத்தில் எச்ஐவி இருப்பது தெரிந்தது. அவருக்கு அவ்வாண்டு டிசம்பரில் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. செய்தி வெளியே கசிந்தது, திருமணம் நின்றது, ஊரார் தூற்றினர், அவர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. தம் மறையைக் காக்கத் தவறியதாக மருத்துவமனைமீது வழக்குத் தொடுத்தார். 1998ஆம் ஆண்டு செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், மணமகளின் உயிர் காக்கப்பட்டதனால் மருத்துவமனை குற்றம் புரியவில்லை என்றது. தீர்ப்பில் அவர் பெயர் 'எக்ஸ்', மருத்துவமனையின் பெயர் 'இசட்' என்றே காணப்படும்.

அத்தோடு நின்றிருந்தால் குறை சொல்ல இடமிராது. நோய் தீரும்வரை அத்தகையோரின் திருமண உரிமை நிறுத்தி வைக்கப்படும் என்றும் நீதிமன்றம் சேர்த்துச் சொல்லிவிட்டது. உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்புவோர்க்குத் தண்டனை விதித்த, அன்று நடப்பில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 269, 270ஆம் பிரிவுகளையும் எடுத்துக்காட்டியது. எல்லாம் அறிந்து, மனமொப்பி மணக்க முன்வரும் பெண்ணுக்கும் அவ்வழி அடைபட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 2002ஆம் ஆண்டு டிசம்பரில், அக்கருத்து அவ்வழக்குக்குத் தேவையற்றது என நீதிமன்றமே விலக்கிக்கொண்டது. சொல்லு என்று கட்டளையிடுவது ஒன்று. சொன்னவனுக்கு வாழ்வே இல்லை என்பது வேறொன்று. பின்னதைச் செய்துவிட்டால் முன்னதற்குக் கீழ்ப்படிய ஆள் ஏது?

சிங்கப்பூருக்குத் திரும்புவோம் எனின், 23ஆம் பிரிவில் ஓர் ஓட்டை இருந்தது. அது, தமக்கு நோய் இருப்பதை அறிந்தவரை மட்டுமே பிடித்தது. அறியாதவர் குற்றவாளியல்லர். தமிழ் இலக்கணம் படித்த மாணவர்க்கு இது எளிதில் விளங்கும். 'அறி' என்பது தன்வினை; 'அறிவி' என்பது பிறவினை. முன்னது நிகழாமல் பின்னது நிகழாது. 'அறிவி' என்று சட்டம் அச்சுறுத்தியபோது, 'அறியாமல் இருந்துவிடு' என்ற தீய அறிவுரையையும் அது தன்னையறியாமலே சொல்லிற்று. சோதித்துக்கொள்ளாதவனுக்குச் சொல்லும் கடமையில்லை என்றால், ஐயமுள்ளவன் ஏன் சோதனைக்குப் போகிறான்?

2008ஆம் ஆண்டில் அரசாங்கம் இந்த ஓட்டையை அடைத்தது. தொற்றுக்கு ஆளாகியிருக்கலாம் என்று நம்பக் காரணமுள்ளவரும் சோதித்துக்கொள்ளவேண்டும், அல்லது துணைவருக்குச் சொல்லவேண்டும், அல்லது தக்க பாதுகாப்பேனும் செய்துகொள்ளவேண்டும் என்றாயிற்று. தண்டனையும் உயர்ந்தது: 50,000 வெள்ளி வரை அபராதம், பத்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சொல்லத் தவறிய ஒருவர் அவ்வாண்டில் ஓராண்டுச் சிறைத்தண்டனையும் பெற்றார். ஓட்டை அடைபட்டது என்னவோ உண்மை. அச்சம் குறைந்ததா என்பதே வினா.

அச்சம் எத்தகையது என்பதற்கு எச்ஐவியைவிடக் கொவிட்-19 காலத்து நிகழ்ச்சி ஒன்று தெளிவான சான்று. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அறுபதைக் கடந்த மாது ஒருவருக்குக் கொவிட்-19 தொற்றியது. யார் யாரைச் சந்தித்தீர் என்று தொடர்புத் தடமறியும் அதிகாரிகள் கேட்டனர். அவர் தம் நெருங்கிய ஆண் நண்பர் ஒருவரைப் பலமுறை சந்தித்திருந்தார், அதனை மறைத்தார். சந்திப்பில் குற்றம் ஏதும் இல்லை. தெரிந்தால் ஊர் இல்லாததும் பொல்லாததும் பேசும் என்று அஞ்சினார், அவ்வளவே. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றம் அவருக்கு ஐந்து மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

இத்தீர்ப்பைப் பற்றி அன்று தேநீர்க் கடைகளில் பலவாறாகப் பேசினர். உயிர்கள் ஊசலாடிய வேளையில் பொய் சொன்னது பெரும் பிழை என்றனர் சிலர். அதை மறுக்க இயலாது. ஒரு தொடர்பு மறைக்கப்பட்டால், அத்தொடர்பின் வழியே நோய் எத்தனை வீடுகளுக்குப் போயிருக்கும் என்பதை எவரும் அளந்து சொல்ல முடியாது. ஆயினும், அந்த மாது அஞ்சியது நோய்க்கிருமிக்கு அன்று, நீதிமன்றத்துக்கும் அன்று. பக்கத்து வீட்டாரின் நாவுக்கே அஞ்சினார். அந்த நாவுகளுக்கு எந்த நீதிமன்றமும் தண்டனை விதிக்கவில்லை. வயது முதிர்ந்த ஒரு பெண் ஓர் ஆணோடு அமர்ந்து பேசியதை ஒரு கதையாக்கிச் சுவைக்கும் சமூகம், பிறகு அவள் ஏன் மறைத்தாள் என்று வியப்பது விந்தையே. தமிழர் இதில் பிறர்க்கு இளைத்தவர் அல்லர். திருமண மண்டபத்தில் ஒருவர் தொடர்ந்து நான்கு முறை இருமினால், நலம் கேட்பவர் ஒருவர். காரணம் கற்பிப்பவர் ஒன்பதின்மர்.

ஊர் நாவைப் போலவே அரசின் ஏடும் நம்பத்தக்கதாய் இருத்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் சுகாதார அமைச்சு வெளியிட்ட செய்தி பலரை நிலைகுலையச் செய்தது. எச்ஐவி பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியிடப்பட்டுவிட்டன. அவர்களுள் 5,400 பேர் சிங்கப்பூரர். 8,800 பேர் வெளிநாட்டினர். பெயர், அடையாள அட்டை எண், முகவரி, தொலைபேசி எண், சோதனை முடிவு எல்லாம் அதில் அடங்கும். வெளியிட்டவர் ஓர் அமெரிக்கர். அவரே முன்னர் வேலை அனுமதி பெறும்பொருட்டுத் தம் எச்ஐவி நிலையை மறைத்தவர். வேறொருவரின் இரத்தத்தைத் தம் இரத்தம் எனச் சோதனைக்குக் காட்டிய குற்றத்துக்காகவும் பிற குற்றங்களுக்காகவும் சிறை சென்றவர். தம் மறையைக் காக்கப் பொய் சொன்ன ஒருவரால் பல்லாயிரவர் மறை பாழாயிற்று.

அப்பட்டியலில் இருந்தோர் யாவரும் சட்டம் சொன்னவாறு நடந்தவர்கள் என்பதை எண்ணவேண்டும். சோதனைக்கு வந்தார்கள், பெயரைக் கொடுத்தார்கள், பதிவு செய்யப்பட்டார்கள். நோயை அறியாமலே உலவியவர் பெயர் அதில் இல்லை.

மற்றொன்றையும் இங்குக் குறிப்பிடலாம். கொவிட்-19 காலத்தில் 'டிரேஸ்டுகெதர்' செயலியை மக்கள் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டனர். தொடர்புத் தடமறிவதற்கு மட்டுமே அது பயன்படும் என்று முதலில் கூறப்பட்டது. குற்றப் புலன்விசாரணைக்கும் காவல்துறை அத்தகவலைப் பெற இயலும் என்பது 2021ஆம் ஆண்டு சனவரியில் நாடாளுமன்றத்தில் வெளிப்பட்டது. மக்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே அதனைப் பயன்படுத்தலாம் எனச் சட்டம் இயற்றப்பட்டது. பிழையை ஒப்பி, விரைந்து வேலி போட்டது பாராட்டத்தக்கதே. நலத்துக்கென்று வாங்கிய சொல்லை வேறொன்றுக்குப் பயன்படுத்தினால், அடுத்த முறை கேட்கும்போது மக்கள் சற்று யோசித்தே வாய் திறப்பர்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் நடந்தால், புல்தரையில் வட்டமாக அமர்ந்து உணவுப் பொட்டலம் பிரிக்கும் தமிழக இளைஞர்களைக் காணலாம். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைப்பவர்கள். இங்கு வர வாங்கிய கடனுக்கு ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். வேலை அனுமதிச் சீட்டுக்கான மருத்துவச் சோதனையில் காசநோயும் எச்ஐவியும் அடங்கும். எச்ஐவி இருப்பதாகத் தெரிந்தால் சீட்டு இல்லை, ஊர் திரும்பவேண்டியதுதான். குறுகிய காலம் வந்து செல்வோர் மீதிருந்த தடை 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் நீங்கியது. வேலைக்கு வருவோர்க்கு அது நீங்கவில்லை. ஐயம் தோன்றிய இளைஞன் ஒருவன் மருந்தகத்தின் வாசல்வரை சென்று, உள்ளே போகாமல் திரும்பினால், அவனைக் கோழை என்று சொல்ல எவருக்கு மனம் வரும்? அவன் நாவை அடைத்திருப்பது ஊரிலுள்ள கடன் பத்திரம்.

அதே இளைஞர்களின் தங்கும் விடுதிகளில் 2020ஆம் ஆண்டில் கொவிட்-19 பரவியது. அவ்வாண்டு ஏப்ரலில் பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த பெரிய விடுதிகள் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ்த் தனிமைப்படுத்தப்பட்டன. அவ்வாண்டு முடிவுக்குள், விடுதிகளில் தங்கியிருந்த ஏறத்தாழ 323,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததைச் சுகாதார அமைச்சு தெரிவித்தது. அறைக்குள் அடைபட்டுக் கிடந்த துன்பம் பெரிது; அதனைக் குறைத்துச் சொல்லலாகாது. ஆனால், காய்ச்சல் என்று சொன்னதற்காக எவருடைய சீட்டும் போகாது என்ற உறுதி அப்போது இருந்தது. சிகிச்சைக்குப் பணம் கேட்கப்படவில்லை. சொல்வதில் இழப்பு குறைந்தது, சொல்லவும் செய்தனர். ஒரே நகரில், ஒரே சட்டத்தின்கீழ், ஒரே இளைஞன் ஒரு நோயைச் சொல்லுகிறான், மற்றொன்றை மறைக்கிறான். கப்பலில் வந்த அத்தாயின் கதையே மீண்டும் நடக்கிறது.

இப்பின்னணியில், 2024ஆம் ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் குறிப்பிடத்தக்கது. எச்ஐவிக்கு இன்று நல்ல மருந்துகள் உள்ளன. முறையாக உட்கொண்டால் இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய இயலாத அளவுக்குக் குறையும். அந்நிலையைக் காத்துவருவோரிடமிருந்து உடலுறவின் வழி துணைவருக்குத் தொற்றுவதில்லை என்பதனை, ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2016, 2019ஆம் ஆண்டுகளில் முடிவு வெளியான ஆய்வுகள் காட்டின. எனவே, அந்நிலையை நிலையாகக் காத்துவருவோர் துணைவருக்கு அறிவிக்கவேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து திருத்தம் அவர்களை விடுவித்தது. அறிந்தவனுக்குத் தண்டனை என்றிருந்த சட்டம், அறிந்து மருந்துண்பவனுக்கு விடுதலை என்றாயிற்று. வள்ளுவர் வாய்மையை வரையறுக்கையில், நடந்ததை நடந்தவாறு சொல்லுதல் என்று கூறாமல், தீங்கு பயவாமையையே அதற்கு அளவுகோலாக வைத்தார். வகுப்பில் அதனைப் பயிலும் மாணவர், அப்படியானால் மறைக்கலாமா என்று ஐயம் எழுப்புவது வழக்கம். ஆசிரியர்களுக்கு இப்போது சொல்ல ஓர் எடுத்துக்காட்டுக் கிடைத்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்பேச்சு இல்லாமல் இல்லை. தொற்றாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்கவேண்டாமா என்று மனைவி கேட்பாள். அக்கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. அது இல்லறத்தின் கேள்வி. தொற்றும் நிலையில் உள்ளவர் சொல்ல மறுத்தால், மருத்துவர் வாழ்க்கைத் துணைக்குத் தெரிவிக்கவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. எஞ்சியதைக் கணவனும் மனைவியும்தான் பேசித் தீர்த்துக்கொள்ளவேண்டும்.

எவரும் வற்புறுத்தாமல் தாமே முன்வந்து சொன்னவர் ஒருவரையும் இந்நகரம் கண்டிருக்கிறது. விமானப் பணியாளராக இருந்த பேடி சியூ, 1998ஆம் ஆண்டு டிசம்பரில், எய்ட்ஸ் பற்றிய தேசிய மாநாட்டில் எழுந்து நின்று தமக்கு அந்நோய் உள்ளதென்று அறிவித்தார். சிங்கப்பூரில் அவ்வாறு பொதுமன்றத்தில் அறிவித்த முதல் மனிதர் அவர். மறு ஆண்டு மேடையேறித் தம் கதையைத் தனிநடிப்பாக நடித்தார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே மறைந்தார். அவர் அறிவித்தபோது எந்தச் சட்டப்பிரிவும் அவரை அம்மேடையில் ஏற்றவில்லை. அவரைப் பின்தொடர்ந்து மேடையேறியவர் மிகச் சிலரே.

தேக்காவின் முதியவர் தம் கப்பற்கதையை எழுபது ஆண்டுகள் எவரிடமும் சொன்னதில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. கொவிட்-19 காலத்தில் பேரன் விடுதியறை ஒன்றில் பதினான்கு நாள் தனிமைப்படுத்தப்பட்டபோதுதான் முதன்முதலாக வாய் திறந்தார். அவருக்கு வந்தது சின்னம்மையே. கரையேறிய சில நாளில் உலர்ந்து உதிர்ந்துவிட்டது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. பக்கத்துப் பாயில் கிடந்த அந்தக் கைக்குழந்தையைப் பற்றியே அவர் பேசுவார். அம்மை தொற்றினால் வெளிப்பட இரண்டு வாரமாகும். அதற்குள் அவரவர் அவரவர் வழியே போய்விட்டனர். குழந்தையின் பெயரோ தாயின் ஊரோ அவருக்குத் தெரியாது. பிழைத்திருந்தால் அக்குழந்தைக்கு இப்போது எழுபதுக்கு மேல் இருக்கும். சிராங்கூன் சாலையில் அந்த வயதுடைய எவரேனும் எதிர்ப்பட்டால், அவர் தம்மையறியாமலே நின்று, அவர்களின் முகத்தில் தழும்பு உண்டா என்று பார்க்கிறார்.